செக்கர் அக்காவின் முப்பது பேர்

காலர் முனையை இரண்டு விரல்கள் கிள்ளிப் பார்க்கின்றன. கட்டைவிரல் பட்டன் பட்டியின் மேல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது, எங்கும் தடுக்கவில்லை. வலது கைப்பட்டி, இடது கைப்பட்டி, அக்குள் தையல், ஓரத் தையல், கீழ் மடிப்பு. ஒரு புரட்டலில் சட்டையின் உள்பக்கம் வெளியே வருகிறது, இன்னொரு புரட்டலில் பழையபடி ஆகிறது. பையின் அடியில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது. இடது கை பார்க்காமலேயே சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழிக்க, வலது கை அதை வாங்கி, அம்பின் முனை சரியாக அந்த இடத்தைத் தொடும்படி ஒட்டுகிறது. சட்டை இடப்பக்கக் கூடையில் விழுகிறது. எல்லாம் சேர்த்து நாற்பது நொடி. அடுத்த சட்டை.

இந்தக் கைகளுக்கு உரியவளைத் தொழிற்சாலையில் எல்லாரும் செக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த அயர்ன்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பத்தொன்பது வருடமாக அதே மேஜை, தலைக்கு மேல் அதே ட்யூப் லைட். இடப்பக்கக் கூடையில் விழுந்த சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். அதற்கு ஆல்டர் என்று பெயர். சரிசெய்து வந்ததை அவள் மறுபடி பார்ப்பாள். நன்றாக இருந்தால் நகத்தால் அம்பை உரித்துவிட்டு வலப்பக்கக் கூடையில் போடுவாள். அம்போடு ஒரு சட்டைகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது. அந்த மேஜைக்கு இருந்த ஒரே விதி அது.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. ஐரோப்பாவில் கால்பந்து சீசன் முடிந்த சில நாளில், ஒரு திங்கட்கிழமை, அந்த சீசனில் அவள் தொடர்ந்து பார்த்த முப்பது ஆட்டக்காரர்களை மார்க்படி வரிசைப்படுத்திய ஒரு தாள் கேன்டீன் பலகையில் ஏறும். அது அவள் தயாரித்த தாள். பதினொரு வருடமாக நடக்கிறது. முதல் வருடம் விளையாட்டாகத்தான் தொடங்கியது. கேன்டீன் டிவிக்கு முன்னால் அயர்ன்காரருக்கும் அவள் தம்பிக்கும் யார் பெரியவன் என்று வாய்ச்சண்டை முற்றி, டீ டம்ளர் ஒன்று கவிழ்ந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அவள், "ஏன் இப்படிக் கத்தறீங்க? மார்க் போட்டுப் பாத்துட்டா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றாள். போட்டுப் பார்த்தாள். அப்புறம் விட முடியவில்லை.

வெளிநாட்டுப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் ஆட்டக்காரர்களுக்குக் கேன்டீன் பெயர் வைத்திருந்தது. நடுக்களத்தில் நின்று பந்தை அளந்து அளந்து கொடுப்பவன் கணக்கப்பிள்ளை. தலையால் முட்டியே கோல் போடுகிறவன் பெரிய தலை. கோல் கீப்பர் ஒருவனுக்குப் பூட்டு. அணிகளைச் சட்டையை வைத்து அடையாளம் சொல்வார்கள். "நேத்து அந்த அரக்குச் சட்டைக்காரன் என்னமா ஆடினான்!" என்று ஒருவர் சொன்னால், "அந்தக் காலரைப் பாத்தியா, எவ்வளவு கேவலமா வெச்சிருக்கான்!" என்று பதில் வரும். தையல்காரர்கள் பந்து பார்த்தால் அப்படித்தான்.

மார்க் போடும் முறையை அவள் யாரிடமும் கற்கவில்லை. தன் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒவ்வொருவனுக்கும் ஆட்டம் தொடங்கும்போது நூறு. தப்புக்குத் தப்பு குறையும். பந்தைத் தொலைத்தால் ஒன்று, தவறான ஆளுக்குக் கொடுத்தால் ஒன்று, கோலுக்கு நேராக நின்று வெளியே அடித்தால் மூன்று. இதனால் அவள் பட்டியலில் முதலிடம் பெரும்பாலும் ஊருக்குத் தெரியாத ஏதோ ஒரு பின்வரிசைக்காரனுக்குப் போகும். உலகமே கொண்டாடுகிறவன் பதினெட்டாவதாக நிற்பான். "நம்ம அக்கா லிஸ்ட்ல மேல வரணும்னா பந்துகிட்டயே போகக் கூடாது" என்பார் அயர்ன்காரர். கேன்டீன் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் ஒரு மார்க்கைக்கூட மாற்ற மாட்டாள்.

ஒவ்வொரு வருடமும் கடைசி வரிசையில் ஒருவன் நிச்சயம் இருப்பான். ஓரமாக ஓடுகிற, ஒல்லிக்கால் ஆட்டக்காரன். காலில் கிடைத்த பந்தோடு மூன்று பேருக்கு நடுவில் புகுந்து பந்தை விட்டுவிடுவான். அவனுக்குத் தொலைச்சான் என்று பெயர் வைத்தவளே அவள்தான். தம்பிக்கு அவன்மேல் உயிர். "ராசா" என்று கூப்பிடுவான். "ராசா முன்னாடி போறான் பாருக்கா! மத்தவனெல்லாம் பயந்து பின்னாடி தள்றான்!" என்று அவள் வீட்டு நாற்காலியில் எழுந்து நின்று கத்துவான். அவள் நோட்டில் குனிந்து "தொ" என்று எழுதுவாள். தொலைத்தான். ஒரு மார்க் போச்சு.

தம்பி அவளுக்கு எட்டு வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்தில் விட்டவள் அவள். தொழிற்சாலையில் நூல் வெட்டும் வேலைக்கு அவள் சேர்ந்த சில வருடங்களில் அவனையும் கூட்டி வந்து சேர்த்தாள். அதற்கு மேல் அவன் வளர்ந்ததெல்லாம் அவன் திறமை. முப்பத்திரண்டு வயதில் கட்டிங் மாஸ்டர் ஆனான். எண்பது மடிப்புத் துணியை மின்கத்தியால் ஒரே மூச்சில் வளைத்து வெட்டினால் மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. பட்டியலுக்கான தாளும் அவன் கைங்கரியம்தான். கட்டிங் அறையில் சட்டை அளவு வரைந்து மிஞ்சுகிற பழுப்பு வார்ப்புத்தாளை நூல் பிடித்தாற்போல் வெட்டிக்கொண்டு வருவான். கேன்டீன் கமிட்டியில் இருந்ததால் பலகையின் கண்ணாடிக் கதவுச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. அவள் எழுதுவாள், அவன் ஏற்றுவான். பதினொரு வருடமாக அதுதான் வழக்கம்.

சென்ற சீசன் தொடங்கி இரண்டாவது மாதத்தில் அந்தக் கோடு போட்ட சட்டை வந்தது. பைத்துணியின் கோடும் உடம்புத்துணியின் கோடும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட வேண்டும். பை இருப்பதே தெரியக் கூடாது. மேஜைக்கு வந்த முதல் சட்டையிலேயே கோடு இரண்டு நூல் விலகி நின்றது. இரண்டாவதிலும். முந்நூற்றுப் பன்னிரண்டு சட்டை. தையலில் தப்பில்லை, வெட்டில்தான் தப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு அம்புகளை ஒட்டிவிட்டு, அன்றைய செக்கிங் தாளில் "வெட்டுத் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மிச்சத் துணியில் பைகளைக் கோடு பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி வெட்டிக் கொடுத்தான். திங்கட்கிழமை காலை எல்லாம் தைத்து வந்துவிட்டன. வாசலில் கன்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவள் நகம் நோக நோக அம்புகளை உரித்துத் தள்ளினாள். ஒரு சட்டைகூடத் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அவனைக் கட்டிங்கிலிருந்து எடுத்து, துணி விரிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து நீளமாக இழுத்துப் போடுகிற வேலை. கத்தியைத் தொடவே கூடாது. "மாஸ்டர், கொஞ்சம் இழுத்துப் பிடிங்க மாஸ்டர்" என்று நேற்று வந்தவன்கூடக் கிண்டல் செய்தான்.

அன்று சாயங்காலம் வாசல் கேட்டருகே தம்பி அவளைப் பார்த்தான். "உன் வேலைய நீ பண்ணிட்ட. சரி" என்றான். அதற்கப்புறம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவது நின்றது. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வதுகூடக் கிடையாது. தூணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போவான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"நீயே போய்ப் பேசேன்" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடங்களின் உச்சியில் கிரீஸ் கையோடு நிற்கிறவர். கால்பந்தில் இரு பக்கமும் கோல் உண்டு என்பது மட்டும் தெரியும்.

"நான் என்னன்னு பேசறது? தப்பு இருந்துச்சு, ஒட்டினேன். தம்பின்னு பாத்து ஒட்டாம இருக்க முடியுமா?"

"முடியாதுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நாற்காலி காலியா இருக்கு, அதான் சொன்னேன்."

நாற்காலி சீசன் முழுக்கக் காலியாகவே இருந்தது. ஞாயிறு மத்தியானங்களில் டிவியோடு இணைத்த பெட்டியில் பதிவான ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு அவள் தனியாக மார்க் எழுதினாள். கத்த ஆளில்லாத ஆட்டம் தொழிற்சாலை வேலைபோலவே இருந்தது. சீசன் முடிந்தது. கூட்டிப் பார்த்தாள். முதலிடம் கணக்கப்பிள்ளைக்கு, இரண்டாவது பெரிய தலை. தொலைச்சான் இருபத்தொன்பது. இனித் தாளில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஏற்றினால் சாவி வைத்திருப்பவனிடம் கொடுக்க வேண்டும். அவன் கையில், அவனுடைய ராசாவை இருபத்தொன்பதாவதாகப் போட்டுக் கொடுப்பதா? மாற்றிப் போட்டால் அது பட்டியலே இல்லை. மாற்றாமல் கொடுத்தால், இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். இரண்டு நாள் தாளை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக ஒரு முறை கூட்டலைச் சரிபார்க்கலாம் என்று பெட்டியில் மிச்சமிருந்த ஆட்டமொன்றைப் போட்டாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மேஜைவிசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தொலைச்சான் வழக்கம்போல் மூன்று பேருக்கு நடுவில் புகுந்தான்.

"போச்சு. மறுபடியும் தொலைச்சுட்டான், தண்டம்" என்று சொல்லி அவள் நோட்டில் குனிந்தாள்.

"இல்லையே, எடுத்துட்டானே" என்றார் கணவர்.

"யாரு?"

"நீ திட்டினியே, அந்த ஒல்லிப்பிச்சான். துரத்திட்டுப் போய்ப் பிடுங்கிட்டான்."

"எப்போ?"

"நீ எழுதிட்டு இருந்தப்போ."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். படத்தைப் பின்னால் ஓட்டினாள். தொலைச்சான் பந்தை விட்டான். விட்ட அதே வேகத்தில் திரும்பி, பந்தோடு ஓடியவனை இருபது தப்படியில் பிடித்து, காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். எல்லாம் ஆறு நொடி. "தொ" என்று எழுதி, பக்கத்தில் நேரத்தைக் குறித்து, கோடு போட்டு நிமிர அவளுக்கு ஆகும் நேரமும் ஆறு நொடிதான்.

பதினொரு வருடம். ஒவ்வொரு முறையும் தப்பைப் பார்த்தாள், குனிந்தாள், எழுதினாள். நிமிர்ந்தபோது ஆட்டம் வேறெங்கோ போயிருந்தது.

"என்னடி, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகுது?"

"நான் அம்பை ஒட்டியிருக்கேன். உரிக்கவே இல்ல" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விசிறியை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டார்.

பெட்டியில் பதினொரு ஆட்டங்கள் அழியாமல் இருந்தன. அந்த வாரம் முழுக்க, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தார்கள். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வாள், அவர் எழுதுவார். தொலைத்தால் "தொ", தானே திரும்பப் பிடித்தால் "பி". "பி" விழுந்தால் போன மார்க் திரும்ப வரும்.

"கணக்கப்பிள்ளை தொ. பி. எழுதியாச்சா?"

"யாரு கணக்கப்பிள்ளை? எல்லாரும் ஒரே சட்டைல ஓடறானுங்க."

"எட்டாம் நம்பர்!"

"நம்பரைச் சொல்லு, எழுதிட்டுப் போறேன். லிஃப்ட்லயும் நம்பர்தான், கணக்கப்பிள்ளை மாடின்னு யாரும் அமுக்கறதில்ல."

பதினொன்றில் தொலைச்சான் ஆடிய ஆட்டம் ஆறு. அறுபத்து நான்கு முறை தொலைத்திருந்தான். அந்த அளவுக்குத் தொலைத்தவன் வேறு யாருமில்லை. அதில் முப்பத்தொரு முறை அவனே போய்ப் பிடுங்கியிருந்தான்; அந்த அளவுக்குப் பிடுங்கியவனும் வேறு யாருமில்லை. பெரிய தலையின் கதை தலைகீழ். அவன் தொலைப்பது குறைவு. ஆனால் தொலைத்துவிட்டால் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நடுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பான், கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட மாமனைப்போல. கணக்கப்பிள்ளை அப்போதும் முதலிடத்தில்தான் இருந்தான். பெரிய தலை பதினொன்றுக்கு இறங்கினான். தொலைச்சான் ஆறாவது இடத்துக்கு வந்தான். இன்னும் மேலே ஏற்ற அவள் மனசு ஒரு நிமிடம் ஆசைப்பட்டது. கூட்டல் இடம் கொடுக்கவில்லை, ஆறுதான்.

வெள்ளிக்கிழமை மேஜையில், ஆல்டர் முடிந்து வந்த ஒரு சட்டையிலிருந்து அம்பை உரித்து, செக்கிங் தாளில் "சரிசெய்தது" என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதப்போனவள் அப்படியே நின்றாள். தாளில் எப்போதும் இரண்டு கட்டம் உண்டு. கண்ட குறை ஒன்று, சரிசெய்தது ஒன்று. லாரி உறுமிக்கொண்டு நின்ற அந்தத் திங்கட்கிழமை இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதினோம்?

சாப்பாட்டு இடைவேளையில் கோப்பறைக்குப் போய்ப் பழைய தாள்களைப் புரட்டினாள். கண்ட குறை: 312, வெட்டுத் தவறு. சரிசெய்தது: ஒன்றுமில்லை. கட்டம் வெள்ளையாக இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து, முதலெழுத்துப் புள்ளிகூடத் தவறாமல்.

தாளை எடுத்துக்கொண்டு நேராகக் குவாலிட்டி மேலாளரின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது, ஏழு மாசம் கழிச்சு ஒரு கட்டத்த நிரப்ப வந்திருக்கீங்களா?"

"ஆமா சார். அன்னிக்கு முந்நூத்திப் பன்னெண்டையும் சரிபண்ணிக் குடுத்தாங்க. நானே பாத்து பாஸ் பண்ணினேன். எழுதல. தப்பு என்னோடது."

"இப்ப எழுதி என்ன ஆகப்போகுது? சரக்கு போயாச்சு."

"சரக்கு போயிடுச்சு சார். ஆள் இங்கதான் துணி விரிச்சுட்டு இருக்கார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அன்னிக்கு மேல இருந்து கேட்டப்போ இந்தத் தாளைத்தான் காட்டினேன். செக்கரே எழுதல, அப்ப சரியாகலன்னுதானே அர்த்தம்னு சொன்னாங்க" என்றார். பிறகு பேனாவை நீட்டினார். "எழுதுங்க. தேதி?"

"இன்னிக்குத் தேதிதான் போடுவேன். அன்னிக்குத் தேதி போட்டா அது வேற தப்பு."

அவர் சிரித்துவிட்டார். "கட்டிங்ல ஆள் பத்தலன்னு கேட்டுட்டுதான் இருக்காங்க. பேசிப் பாக்கறேன். வாக்கு குடுக்க முடியாது."

சனிக்கிழமை பட்டியலை எழுதினாள். இந்த வருடம் வார்ப்புத்தாள் கொண்டுவர ஆளில்லாததால் கடையில் ஓர் அட்டைத்தாள் வாங்கி, தன் சின்ன நூல் கத்தரியாலேயே அளவுக்கு வெட்டினாள். அது நூல் வெட்டுவதற்கென்றே பிறந்த கத்தரி. ஓரம் பாம்பு நெளிந்ததுபோல் வந்தது. முப்பது பெயருக்கும் பக்கத்தில் முதல்முறையாக இரண்டு கட்டம் போட்டாள். அடியில் சிறிய எழுத்தில், "பதினொரு ஆட்டம் மட்டுமே இரண்டாம் முறை பார்க்கப்பட்டது. மற்றவற்றில் பிடித்தது விட்டுப்போயிருக்கலாம். முந்தைய வருடப் பட்டியல்களுக்கும் இது பொருந்தும்" என்று எழுதினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கேன்டீன் நிறைந்திருந்தது. தம்பி பலகைக்கு அருகே சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். சாவி வழக்கம்போல் சட்டைப்பையில் தொங்கியது. சுருட்டிய தாளோடு அவள் வருவதைப் பார்த்ததும் அயர்ன்காரர் பேச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தினால் அந்த மேஜையே நிறுத்தும்.

அவள் தம்பியின் முன்னால் போய் நின்றாள். "கட்டத்த நிரப்பிட்டேன்" என்றாள்.

"தெரியும். சார் காலையில கூப்பிட்டுச் சொன்னார்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினான். ஏழு மாதத்தில் முதல் பேச்சு. "அந்தக் கட்டம் காலியா இருந்தத அன்னிக்கே பாத்தேன்."

"பாத்தியா? அப்ப சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதுக்குச் சொல்லணும்? ஒரு நூல் விலகினாலே உன் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கட்டம் தெரியாமயா போகும்? நீ வேணும்னேதான் விட்டிருக்கன்னு நினைச்சேன்."

"தெரியலடா. லாரி நின்னுச்சு. நிமிந்து பாக்கல" என்றாள்.

தம்பி டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தான். "எங்க, காட்டு" என்று தாளின் மேல் முனையைப் பிடித்துப் பிரித்தான். கண்கள் நேராகக் கீழ்வரிசைக்குப் போயின. அங்கே தேடினான், இல்லை. மெல்ல மேலே ஏறினான்.

"ஆறா?"

"ஆறுதான்."

"ராசா ஆறா! அஞ்சு பேர் யாருக்கா இவனுக்கு மேல? அதுவும் தொலைச்சான்னே போட்டிருக்க!"

"தொலைச்சான்ல? அறுபத்து நாலு தரம். பக்கத்துக் கட்டத்தையும் படி."

படித்தான். முப்பத்தொன்று என்று உதடு அசைந்தது. அயர்ன்காரர் தோள்மேல் எட்டிப் பார்த்து, "பெரிய தலை பதினொண்ணா! இது அநியாயம்! மறுபடி எண்ணணும்!" என்று கூவினார். கேன்டீனில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் தம்பி தாளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான், வெட்டப்போகிற துணியைப் பார்ப்பதுபோல. "யார் வெட்டினது இத?"

"நான்தான்."

"அம்பு இருக்கா?"

அவள் ஏப்ரன் பையிலிருந்து சுருளை எடுத்து நீட்டினாள். அவன் ஒன்றைக் கிழித்து, நெளிந்த ஓரத்தைச் சுட்டும்படி ஒட்டினான். "வெட்டுத் தவறு" என்றான். முகத்தில் சிரிப்பைக் காட்டவில்லை. ஆனால் அதை எங்கே ஒளித்துவைப்பான் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"சரி. ஆல்டர் பண்ணிக் கொண்டா, பாத்துட்டு உரிக்கறேன்" என்று சொல்லி, தாளைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.